ஏழு, ஒன்பது, பதினொன்று

அப்பாவிடம் எந்த ஊரைப் பற்றிப் பேசினாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "அங்க கலெக்டர் யாரு?"

தாலுகா ஆபீஸில் முப்பத்து மூன்று வருடம் குப்பை கொட்டியவர். உலகத்தை ஜில்லா ஜில்லாவாகப் பிரித்து, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கலெக்டரை உட்கார வைத்திருக்கிறார்கள் என்பது அவர் நினைப்பு. 2015-இல் நான் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், மான்ட்கோமரி கவுன்ட்டியில் வீடு வாங்கியபோது போனில் விவரம் கேட்டார். "கவுன்ட்டின்னா நம்ம ஜில்லா மாதிரிப்பா" என்று நான் சொல்லித் தொலைத்தேன்.

"சரி, கலெக்டர் யாரு?"

"கலெக்டர் கிடையாதுப்பா."

"பின்ன யாருதான் பாக்காங்க?"

"கவுன்சில்னு ஒண்ணு இருக்கு. ஒன்பது பேரு."

"ஒன்பது கலெக்டரா?"

அன்றைக்குச் சிரித்துவிட்டு போனை வைத்துவிட்டேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. யோசித்துப் பார்த்தால் எனக்கே சரியாகத் தெரியாது. ஜனாதிபதியைத் தெரியும், கவர்னர் பெயர் தெரியும். என் வீட்டு வாசலில் நடைபாதை வருமா வராதா என்று முடிவு செய்கிறவர் யார்? தெரியாது. அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனதில் பத்து வருடம் ஓடிவிட்டது. இப்போது கொஞ்சம் தெரியும்.

நான் இருப்பது ஜெர்மன்டவுன். 2020 கணக்கெடுப்பில் 91,000 பேர். நம்மூரில் இத்தனை பேர் இருந்தால் அது ஒரு நகராட்சி; சேர்மன், வார்டு, கட்சிக் கொடி எல்லாம் இருக்கும். ஜெர்மன்டவுனுக்கு மேயரே கிடையாது. பக்கத்தில் சில்வர் ஸ்பிரிங், 81,000 பேர், அங்கும் கிடையாது. வானுயர்ந்த கட்டடங்களும் வங்கிகளுமாக இருக்கும் பெதஸ்தாவுக்கும் கிடையாது. சட்டப்படி இவை ஊர்களே அல்ல, வெறும் இடப்பெயர்கள். ராக்வில், கெய்தர்ஸ்பர்க், டகோமா பார்க் போன்ற சில ஊர்கள் மட்டும் தனி நகராட்சிகள். மற்ற எல்லோருக்கும் உள்ளூராட்சி என்றால் கவுன்ட்டி மட்டும்தான். பத்து லட்சத்து அறுபதாயிரம் பேருக்கு ஒரே கவுன்சில், ராக்வில்லில் ஒரே கட்டடம்.

நம்ம மாவட்ட ஊராட்சிபோல ஒப்புக்கு இருக்கும் அமைப்பு இல்லை இது. சட்டமே இயற்றும். கடையில் பை கேட்டால் ஐந்து சென்ட் என்று 2012 ஜனவரியில் கொண்டுவந்தது இந்த கவுன்சில்தான். இலை தள்ளுகிற பெட்ரோல் மெஷின் இருக்கிறதே, லீஃப் புளோயர், காது கிழிய அலறும், அதை விற்கக்கூடாது என்று 2024 ஜூலையிலும், பயன்படுத்தவே கூடாது என்று 2025 ஜூலையிலும் தடை வந்ததும் இந்த கவுன்சில் போட்ட சட்டத்தால்தான். எங்கள் தெருவில் புல் வெட்ட வருகிறவர் அந்தத் தடையைத் திட்டாத நாள் கிடையாது. எனக்கு ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் திரும்பக் கிடைத்தது.

கவுன்ட்டி பிறந்தது 1776-இல், ஃபிரெடரிக் கவுன்ட்டியிலிருந்து பிரித்து. பெயர் கொடுத்தவர் ரிச்சர்ட் மான்ட்கோமரி என்ற ஜெனரல். அதற்கு முந்தைய ஆண்டின் கடைசி நாளில் கனடாவின் கியூபெக் நகரைத் தாக்கப் போய்ச் செத்தவர். அதன்பின் நூற்றைம்பது வருடத்துக்கும் மேலாகச் சொல்லும்படியாக ஒன்றுமில்லை. புகையிலை, கோதுமை, மாடு. கமிஷனர்கள் என்று சிலர் இருந்தார்கள். ரோடு போடுவார்கள், வரி வசூலிப்பார்கள். சட்டம் வேண்டுமென்றால் மாநிலத் தலைநகர் அன்னாபோலிஸுக்குத்தான் போக வேண்டும். அந்தச் சட்டமன்றமோ அப்போது இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் கூடும். ஒரு கவுன்ட்டியின் உள்ளூர் விவகாரம் கூட அங்கே போய் வரிசையில் நின்று வர வேண்டும்.

அப்படிப்பட்ட ஏற்பாட்டில், அன்னாபோலிஸில் யாருக்குச் செல்வாக்கோ அவர்தான் ஊரில் ராஜா. இங்கே அந்த ராஜா கர்னல் ஈ. புரூக் லீ. செனட்டர் மகன், மேரிலாந்து பிரதிநிதிகள் சபையின் சபாநாயகராக இருந்தவர், சில்வர் ஸ்பிரிங்கில் நிலம் வைத்திருந்தவர். எந்தப் பக்கம் தண்ணீர்க் குழாய் போகும், எந்தப் பக்கம் வீடுகள் வரும் என்பதிலெல்லாம் அவர் கை இருந்தது. நம்மூரில் ஒவ்வொரு ஒன்றியத்திலும் இப்படி ஒருவர் இருப்பார், விளக்கத் தேவையில்லை. லீயைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். இந்தப் புறநகரம் இன்று இப்படி இருப்பதில் பாதி அவர் போட்ட கோடு. ஆனால் ஒருவர் கோடு போட மற்றவர்கள் அதற்குள் குடியிருந்த காலம் அது.

அதை உடைத்தது புதிதாகக் குடிவந்தவர்கள். பக்கத்திலேயே வாஷிங்டன். ரூஸ்வெல்ட் காலத்தில் மத்திய அரசு ஊதிப் பெருத்தது. குமாஸ்தாக்கள், பொருளாதார நிபுணர்கள், வக்கீல்கள் என்று சம்பளக்காரக் கூட்டம் இங்கே வீடு வாங்கிக் குடியேறியது. 1940-இல் 84,000 பேர் இருந்த கவுன்ட்டியில் 1950-இல் 1,64,000 பேர். பகலெல்லாம் ஒரு நாட்டின் நிர்வாகத்தைக் கவனித்துவிட்டு சாயங்காலம் வீடு திரும்பினால், குப்பை எடுக்கிற விஷயத்துக்குக்கூட ஒரு கர்னலைப் பார்க்க வேண்டும். அவர்களுக்குப் பொறுக்குமா? புரூக்கிங்ஸ் ஆய்வு நிறுவனத்தை வைத்துக் கவுன்ட்டி நிர்வாகத்தையே ஆராய்ச்சி செய்ய வைத்தார்கள். அறிக்கை வந்தது: இந்தக் கவுன்ட்டிக்குத் தனிச் சாசனம் வேண்டும்.

சாசனம் என்றால் ஒரு குட்டி அரசியல் சட்டம். கவுன்ட்டிகள் சாசனம் எழுதிக்கொண்டு தங்கள் உள்ளூர்ச் சட்டங்களைத் தாங்களே இயற்றலாம் என்று மேரிலாந்து அரசியலமைப்பில் 1915-லேயே ஒரு திருத்தம் வந்திருந்தது. முப்பது வருடமாக எந்தக் கவுன்ட்டியும் அதைத் தொடவில்லை. மான்ட்கோமரியில் 1944-இல் முதல் முயற்சி தோற்றது. குடியேறியவர்களின் சங்கங்களும் பெண் வாக்காளர் சங்கமும் வீடு வீடாக அலைந்தன. 1948 நவம்பரில் சாசனம் வென்றது. மேரிலாந்தில் தனிச் சாசனம் பெற்ற முதல் கவுன்ட்டி இதுதான்.

அப்போது கவுன்சிலில் ஏழு பேர். ஐந்து தொகுதிகளிலிருந்து ஆளுக்கொருவர், பொதுவில் இரண்டு பேர். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. தொகுதிக்காரர் அந்தத் தொகுதியில் குடியிருந்தால் போதும், ஓட்டுப் போடுவதோ கவுன்ட்டி முழுக்க. அதாவது தென்காசி கவுன்சிலரை சங்கரன்கோவில்காரர்களும் சேர்ந்து தேர்ந்தெடுக்கிற மாதிரி. கர்னலின் பேட்டைகள் தனித்தனிக் கோட்டைகளாக மாறிவிடக் கூடாது என்ற பயமாக இருக்கலாம். இது என் ஊகம்தான்.

இந்த ஏழு பேருமே சட்டமும் போட்டார்கள், நிர்வாகமும் பார்த்தார்கள். நிர்வாகத்தை நேரடியாக நடத்த ஒரு 'கவுன்ட்டி மேனேஜர்' வைத்துக்கொண்டார்கள். தேர்தலில் நிற்காதவர், கவுன்சில் நியமித்த தொழில்முறை அதிகாரி. இதைப் படித்ததும் அப்பாவைக் கூப்பிட்டேன்.

"அப்பா, இங்கயும் ஒரு கலெக்டர் இருந்திருக்காரு. 1948-லருந்து."

"பாத்தியா, நான் சொன்னேன்ல. இப்போ எங்க?"

"எடுத்துட்டாங்க."

"யாரு எடுத்தா?"

அவர் குரலில் ஒரு சக ஊழியருக்கு மெமோ கொடுத்துவிட்ட மாதிரி வருத்தம்.

எடுத்ததற்குக் காரணம் இருந்தது. 1960-இல் மக்கள் தொகை 3,40,000. நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போனது. வயலாக இருக்கிற இடத்தைக் கடைத்தெருவாக வகை மாற்றி ஒரு தீர்மானம் போட்டால் ஒரே நாளில் ஒருவர் கோடீஸ்வரர். நம்மூரில் நஞ்சையைப் புஞ்சையாக்கி, புஞ்சையை மனையாக்குகிற வித்தை எல்லோருக்கும் தெரியும். 1962-இல் வந்த கவுன்சில் இந்த வகை மாற்றத்தைத் தாராளமாகச் செய்தது. பதவி முடியப்போகிற கடைசி நாட்களில் செய்தது இன்னும் தாராளம். 1966-இல் ஜனங்கள் அந்தக் கூட்டத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டு வருடம் கழித்துச் சாசனத்தையும் திருத்தினார்கள்: நிர்வாகத்துக்குத் தனியாக ஒருவரை ஜனங்களே தேர்ந்தெடுப்பார்கள், கவுன்சில் சட்டம் போட்டால் போதும். 1970-இல் ஜேம்ஸ் கிளீசன் முதல் கவுன்ட்டி எக்ஸிக்யூட்டிவ் ஆனார். ஏழு பேர் கொண்ட கவுன்சில் அன்றுதான் முழுக்க முழுக்க ஒரு சட்டமன்றம் ஆனது.

ஆனவுடனேயே மோதலும் வந்தது. ஐம்பது வீட்டுக்கு மேல் கட்டுகிற யாராக இருந்தாலும் அதில் 15 சதவீதத்தை நடுத்தர வருமானக்காரர்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் ஒதுக்க வேண்டும் என்று கவுன்சில் ஒரு சட்டம் போட்டது. கிளீசன் வீட்டோ செய்தார். கவுன்சில் அந்த வீட்டோவைத் தோற்கடித்து 1974-இல் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் இந்த மாதிரிச் சட்டங்களுக்கெல்லாம் இதுதான் முன்னோடி. ஒரு ஜில்லா அளவு இடத்தில் ஏழு பேர் உட்கார்ந்து எழுதியதை நாடு முழுக்கப் பார்த்து எழுதினார்கள். 1980-இல் அடுத்தது: கவுன்ட்டியின் மூன்றில் ஒரு பங்கு, ஏறக்குறைய 93,000 ஏக்கர், விவசாயத்துக்கு மட்டும். அங்கே 25 ஏக்கருக்கு ஒரு வீடுதான் கட்டலாம். விவசாயிக்கு நஷ்டம் அல்லவா? அதற்கு ஐந்து ஏக்கருக்கு ஒரு 'கட்டும் உரிமை' என்று கணக்குப் போட்டு, அந்த உரிமையை நகர்ப்பக்கம் கட்டுகிறவர்களுக்கு விற்றுக்கொள்ளலாம் என்றார்கள். நிலம் இங்கேயே இருக்கும், அதன் மேல் கட்டியிருக்கக்கூடிய வீடு மட்டும் பத்திரமாக வேறு ஊருக்குப் போய்விடும். என் வீட்டிலிருந்து காரில் இருபது நிமிடம் போனால் சோளக்காடு வருவது இதனால்தான். முதல் தடவை பார்த்தபோது வழி தவறிவிட்டோம் என்றே நினைத்தேன்.

இதையெல்லாம் செய்தபோது கவுன்சிலர்கள் தலையில் இருந்தது வேறு தொப்பி. நில விவகாரத்தில் அவர்கள் 'டிஸ்ட்ரிக்ட் கவுன்சில்' ஆகிவிடுவார்கள். அதே ஆட்கள், அதே நாற்காலி, ஆனால் மாநிலச் சட்டம் தந்த தனி அதிகாரம். நில வகைப்பாட்டு விதியில் அவர்கள் செய்யும் திருத்தத்தை எக்ஸிக்யூட்டிவ் வீட்டோ செய்ய முடியாது. இன்னொரு தொப்பி சுகாதார வாரியம். கொரோனா காலத்தில் 2021 ஆகஸ்ட்டில், கட்டடத்துக்குள் முகக்கவசம் கட்டாயம் என்று மறுபடி உத்தரவு போட்டபோது அவர்கள் சுகாதார வாரியமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரே கூட்டத்தில் தலைவர் "இப்போது நாம் சுகாதார வாரியம்" என்று அறிவிப்பார், யாரும் எழுந்திருக்க மாட்டார்கள், ஆனால் அவை மாறிவிடும். எங்கள் ஊர்க் கூத்தில் ஒருவரே கட்டியக்காரனாகவும் ராஜாவாகவும் வருவார். குறைந்தது துண்டையாவது மாற்றிக் கட்டுவார்.

சரி, ஏழு எப்படி ஒன்பது ஆனது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கவுன்ட்டி பெருத்ததும், தொகுதிக்காரரைத் தொகுதியே தேர்ந்தெடுக்கட்டும் என்ற குரல் வலுத்தது. 1986-இல் வாக்கெடுப்பு. 1990 தேர்தலிலிருந்து ஐந்து தொகுதிகளில் ஐந்து பேர், பொதுவில் நான்கு பேர். நான் ஒரே சமயத்தில் ஐந்து கவுன்சிலர்களுக்கு ஓட்டுப் போடலாம்: என் தொகுதிக்காரர் ஒருவர், பொதுக்காரர் நால்வர். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் பொது இடத்தில் நிற்கிறவர் எங்கே குடியிருக்கிறார்? எங்கே வேண்டுமானாலும். அந்த "எங்கே வேண்டுமானாலும்" பெரும்பாலும் ஒரே பக்கமாகச் சாய்ந்தது. 2014-இல் வந்த கவுன்சிலில் பொது இடத்து நால்வரில் மூன்று பேர் டகோமா பார்க் என்ற ஒரே ஊர்க்காரர்கள். கவுன்ட்டியின் தென்கோடியில், வாஷிங்டனை ஒட்டிய, இருபதாயிரம் பேர்கூட இல்லாத ஊர். வடக்கே ஜெர்மன்டவுன், கிளார்க்ஸ்பர்க் என்று நாங்கள் லட்சக்கணக்கில் கிடக்கிறோம். எங்கள் தெருவில் அப்போது ஒரு பேச்சு உண்டு: ரோடு வேண்டும் என்றால் டகோமா பார்க்கில் ஒரு சொந்தக்காரன் வேண்டும்.

இதோடு வரி சேர்ந்துகொண்டது. இங்கே ராபின் ஃபிக்கர் என்று ஒரு வக்கீல் இருந்தார். பழைய தலைமுறைக்கு இன்னொரு விதத்தில் தெரிந்தவர்: வாஷிங்டன் கூடைப்பந்து ஆட்டங்களில் எதிரணி பெஞ்சுக்குப் பின்னால் உட்கார்ந்து கத்திக் கத்தி அவர்களைக் கிறுக்குப் பிடிக்க வைப்பார். அதே தொண்டையைக் கவுன்ட்டியிடமும் பயன்படுத்தினார். கையெழுத்து வாங்கி வரிக்கட்டுப்பாட்டை வாக்கெடுப்புக்குக் கொண்டுவருவதைப் பல பத்தாண்டுகள் விடாமல் செய்தார். பெரும்பாலும் தோற்றார். 2008-இல் ஒன்று வென்றது: சொத்து வரி வருவாய் வரம்பைத் தாண்ட வேண்டுமானால் ஒன்பது பேரும், ஒருவர்கூட விலகாமல், ஆதரிக்க வேண்டும். இனி யாரும் தாண்ட மாட்டார்கள் என்று எல்லோரும் நினைத்தார்கள். 2016-இல் ஒன்பது பேரும் கை தூக்கினார்கள். சொத்து வரி சராசரியாகக் கிட்டத்தட்ட 9 சதவீதம் ஏறியது. பள்ளிகளுக்குப் பணம் தேவைப்பட்டது என்பது உண்மை. என் பையன் படித்த வகுப்பே தற்காலிகக் கொட்டகையில்தான் நடந்தது. ஆனால் ஜனங்கள் கணக்கை வேறு மாதிரி தீர்த்தார்கள். அதே நவம்பரில், கவுன்சிலர் தொடர்ந்து மூன்று முறைக்கு மேல் இருக்கக்கூடாது என்ற ஃபிக்கரின் திருத்தத்துக்குக் கிட்டத்தட்ட 70 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டார்கள். அதற்கு முன் தோற்றுத் தோற்றுப் போன யோசனை அது. ஒன்பது கைகள் ஒன்றாக எழுந்ததுதான் அதை ஜெயிக்க வைத்தது.

மூன்று முறை முடித்தவர்கள் விலக, 2018 ஜூனில் நான்கு பொது இடங்களுக்கு ஜனநாயகக் கட்சிக்குள் மட்டும் 33 பேர் போட்டி. பிட் நோட்டீஸ்களால் தபால் பெட்டி மூட மாட்டேன் என்றது. சிறு நன்கொடை வாங்குகிற வேட்பாளருக்குக் கவுன்ட்டியே ஈடாகப் பணம் போடும் என்று கவுன்சில் 2014-இல் இயற்றிய சட்டம் முதன்முதலாக அமலுக்கு வந்ததும் அந்தத் தேர்தலில்தான். ஆகவே யார் வேண்டுமானாலும் நிற்கலாம், நின்றார்கள்.

அப்புறம் 2020. நான் குடியுரிமை வாங்கிப் போட்ட முதல் ஓட்டு. தபாலில் வந்த சீட்டைச் சாப்பாட்டு மேஜையில் விரித்தேன். முன்பக்கம் டிரம்ப், பைடன். ஐந்து வினாடியில் முடிந்தது. பின்பக்கம் கவுன்ட்டிக் கேள்விகள் ஏ, பி, சி, டி. அதற்கு ஒரு முழு சாயங்காலம் ஆனது. ஏ, பி இரண்டும் வரியைப் பற்றி. வரி விகிதத்தை ஏற்ற வேண்டுமென்றால் கவுன்சிலில் ஒருமனதான முடிவு வேண்டும் என்றது ஏ, வரம்பைத் தாண்டவே கூடாது என்று முழுக்கப் பூட்டுப் போட்டது பி. சி சொன்னது: பதினோரு பேர், ஏழு தொகுதி, நான்கு பொது. டி சொன்னது: ஒன்பதே போதும், ஆனால் ஒன்பதும் தொகுதிதான், பொது இடம் என்பதே வேண்டாம். டி-யைக் கையெழுத்து வாங்கிக் கொண்டுவந்தவர்கள் எங்கள் வடக்குப் பக்கத்துக் கோபக்காரர்கள். அதற்குப் போட்டியாக சி-யை வைத்தது கவுன்சிலே. இரண்டும் ஜெயித்துவிட்டால் என்ன செய்வது என்ற குழப்பம் வேறு.

நான் எதற்குப் போட்டேன்? மனது டி பக்கம்தான். ஆனால் பேனா சி-யில் போய் நின்றது. ஐந்து பேருக்கு ஓட்டுப் போடலாம் என்று காத்திருந்தவனிடம் "இனி ஒருவருக்குத்தான்" என்றால் ஏதோ ரேஷன் அரிசியைக் குறைத்த மாதிரி இருந்தது. அது தப்பான காரணமாகவும் இருக்கலாம். ஏ-வும் சி-யும் வென்றன, பி-யும் டி-யும் தோற்றன. 2022-இல் பதினோரு பேர் வந்தார்கள். அதில் ஆறு பெண்கள். பெண்கள்தான் பெரும்பான்மை.

பதினோரு பேரும் ஒரே கட்சி. 2002-க்குப் பிறகு ஒரு குடியரசுக் கட்சிக்காரர்கூட ஜெயிக்கவில்லை. ஆகவே உண்மையான தேர்தல் நவம்பரில் இல்லை, அதற்கு முன் கட்சிக்குள் நடக்கிற பிரைமரியில். கட்சியில் பதிவு செய்யாதவருக்கு அதில் ஓட்டில்லை. என் பக்கத்து வீட்டுக்காரர் "எந்தக் கட்சியும் எனக்கு வேண்டாம்" என்று கொள்கையோடு இருக்கிறவர். அந்தக் கொள்கைக்காக அவர் கொடுக்கிற விலை, ஊரை ஆள்பவர் யார் என்பதில் அவருக்குப் பேச்சே இல்லை. எக்ஸிக்யூட்டிவ் பதவிக்கு மார்க் எல்ரிச் 2018 பிரைமரியில் ஜெயித்தது 77 ஓட்டில். 2022-இல் அதே எதிராளியை மறுபடி ஜெயித்தது 32 ஓட்டில். பத்து லட்சம் பேர் வாழும் இடம். எங்கள் தெருவிலேயே முப்பத்திரண்டு பேருக்கு மேல் இருக்கிறோம்.

இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது ஒரு பக்கம். நேரில் போனது ஒரே ஒரு முறை.

மார்ச் 15-க்குள் எக்ஸிக்யூட்டிவ் பட்ஜெட்டைக் கவுன்சிலுக்கு அனுப்ப வேண்டும், ஜூன் முதல் தேதிக்குள் கவுன்சில் முடிக்க வேண்டும். நடுவில், ஏப்ரலில், கருத்துக்கேட்பு. யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்துப் பேசலாம். அம்மா வந்து ஆறு மாதம் இருந்த வருடம் அது. அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. கவுன்ட்டி நடத்துகிற ரைட் ஆன் பஸ்ஸில் ஏறி நூலகத்துக்குப் போகப் பழகிவிட்டாள். தமிழ்ப் புத்தகம் எதுவும் கிடையாது. குளிருக்கு இதமாக உட்கார இடம், வேடிக்கை பார்க்கக் குழந்தைகள், அது போதும் அவளுக்கு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் எங்கள் தெரு வழியாகப் பஸ் இல்லை. சரி, இதைச் சொல்லுவோம் என்று பெயர் கொடுத்தேன். மூன்று நிமிடம் கிடைத்தது.

மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். அங்கேதான் பிடித்தது சனி. பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டியில் கப் வாங்கியவன் நான். மேடையைப் பார்த்தால் வணக்கம் சொல்லாமல் வாய் திறக்க வராது. தலைவருக்கு ஒரு வணக்கம், துணைத் தலைவருக்கு ஒன்று, உறுப்பினர்களுக்கு ஒன்று, வாய்ப்புக்கு நன்றி, என் ஊர் எது, என் அம்மாவின் ஊர் எது, குற்றாலத்தில் எப்போது சாரல் விழும். எனக்கு முன்னால் ஒரு பாட்டி, கைத்தடியைச் சாய்த்து வைத்துவிட்டு, தாளே இல்லாமல், "என் நூலகத்தின் லிஃப்ட் வேலை செய்யவில்லை, எனக்கு முட்டி வலி, சரி செய்ய இவ்வளவு ஆகும் என்கிறார்கள், ஒதுக்குங்கள்" என்று நாற்பது வினாடியில் சொல்லிவிட்டு எழுந்து போனார். நான் சிரித்துக்கொண்டேன். எவ்வளவு நேரத்தை வீணாக்குகிறார்!

மேஜையில் சின்ன விளக்கு. பச்சை. நான் குற்றாலத்தில் இருக்கும்போதே மஞ்சள் ஆனது. பஸ் என்ற சொல்லை எட்டும்போது சிவப்பு. மணி அடித்தது. தலைவர் மிகவும் மரியாதையாக நன்றி சொன்னார். ஒரு உறுப்பினர் மட்டும் என்மேல் இரக்கப்பட்டு ஒரு கேள்வி கேட்டார்: "எந்த நிறுத்தம்?"

எனக்குத் தெரியவில்லை. பஸ்ஸில் போனது அம்மா, நான் இல்லை. எங்கள் வீட்டுப் பக்கத்து நிறுத்தத்தின் பெயரைப் பதினோரு பேர் முன்னால் சொல்லத் தெரியாமல் நின்றேன்.

வெளியே வந்தால் அந்தப் பாட்டி டாக்ஸிக்காகக் காத்திருந்தார். "முதல் தடவையா?" என்றார். ஆமாம் என்றேன். "அவர்கள் காதில் கேட்டு முடிவு செய்வதில்லை, தாளில் பார்த்துத்தான். எழுதி அனுப்பிவிடு. அந்தப் பேக்கெட்டில் ஏற வேண்டும்" என்றார்.

பேக்கெட் என்றால் என்ன என்று அப்புறம்தான் தெரிந்தது. ஒவ்வொரு விஷயத்துக்கும் கவுன்சிலின் சொந்த ஆய்வாளர்கள் ஒரு குறிப்பு எழுதுவார்கள், பின்னிணைப்போடு சில சமயம் நூற்றுக்கணக்கான பக்கம். எல்லாம் இணையத்தில் கிடக்கும். முதலில் அது குழுவுக்குப் போகும். கல்விக்கு ஒரு குழு, போக்குவரத்துக்கு ஒரு குழு, இப்படி. பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும். பட்ஜெட் காலத்தில் குழுக்கள் "இதற்கும் பணம் வேண்டும்" என்று சேர்த்து வைக்கிற ஒரு பட்டியல் உண்டு, ரெகன்சிலியேஷன் லிஸ்ட் என்பார்கள். மே மாதம் முழுக்க ராக்வில்லில் இந்தப் பட்டியல்தான் பேச்சு. கடைசியில் கையில் இருக்கிற பணத்துக்கு ஏற்றபடி வெட்டுவார்கள். 2025 நிதியாண்டுக்கான பட்ஜெட் 710 கோடி டாலர். அதில் ஏறக்குறைய பாதி பள்ளிகளுக்கு. அந்தப் பாதியிலும் கவுன்சில் மொத்தத் தொகையையும் பெரிய தலைப்புகளையும்தான் நிர்ணயிக்கும். உள்ளே எப்படிச் செலவழிப்பது என்பது தனியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பள்ளி வாரியத்தின் கையில். ஆகவே பள்ளிக்கூடத்துப் புகாரோடு கவுன்சிலிடம் போகிறவர்கள் பாதி வழியில் நின்று திரும்புவார்கள். மாநில நெடுஞ்சாலையில் இருக்கிற குழிக்காகப் போனாலும் அதே கதைதான்.

சாராயமும் அப்படியே. இதைச் சொன்னபோதுதான் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். மதுவிலக்கு முடிந்த 1933-லிருந்து இந்தக் கவுன்ட்டியில் மது மொத்த வியாபாரம் கவுன்ட்டி அரசின் கையில். விஸ்கி, பிராந்தி வாங்க வேண்டுமானால் கவுன்ட்டி நடத்துகிற கடைக்குத்தான் போக வேண்டும். "அட, டாஸ்மாக்!" என்றார். அமெரிக்காவில் அவருக்கு முதன்முதலாகப் புரிந்த விஷயம் அது. ஆனால் அந்த ஏற்பாட்டை மாற்றும் அதிகாரம் கவுன்சிலுக்கு இல்லை. மதுச் சட்டம் அன்னாபோலிஸின் சொத்து. லீஃப் புளோயரைத் தடை செய்யலாம், பாட்டிலைத் தொட முடியாது.

கவுன்சில் போட்ட சட்டத்தையே ஜனங்கள் திருப்பிய கதையும் உண்டு. 2010-இல் ஆம்புலன்ஸுக்குக் கட்டணம் என்று ஒரு சட்டம் வந்தது. காப்பீட்டு நிறுவனத்திடம்தான் வாங்குவோம் என்றார்கள். தன்னார்வத் தீயணைப்புப் படையினர் எதிர்த்துக் கையெழுத்து வாங்கி வாக்கெடுப்புக்குக் கொண்டுபோய், அந்த நவம்பரில் சட்டத்தைத் தோற்கடித்தார்கள். கவுன்சில் என்ன செய்தது? 2012-இல் அதையே மறுபடி இயற்றியது. இந்தத் தடவை நின்றுவிட்டது. இதைச் சாமர்த்தியம் என்பதா திமிர் என்பதா? எனக்கு இரண்டும் தோன்றும், நாளைப் பொறுத்து.

கவுன்சில் நியமிக்கிற திட்ட வாரியத்தில் ஐந்து பேர். 2022 அக்டோபரில் உள்ளுக்குள் ஏகப்பட்ட புகார்கள் வெடித்து, கவுன்சிலுக்கு நம்பிக்கை போய்விட, ஐந்து பேரும் ஒட்டுமொத்தமாக ராஜினாமா செய்தார்கள். அடுத்த ஐம்பது வருடம் எங்கே என்ன கட்டலாம் என்று சொல்கிற வாரியம், ஒரே வாரத்தில் காலி நாற்காலி. ஊரில் யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. லீஃப் புளோயருக்கு நடந்த சண்டையில் பத்தில் ஒரு பங்குகூட இதற்கு இல்லை.

பஸ் விஷயத்தை எழுதி அனுப்பினேன், நிறுத்தத்தின் பெயரோடு. நாற்பது வினாடியில் படித்து முடிக்கிற மாதிரி. அம்மா ஊருக்குத் திரும்பிவிட்டாள். 2025 நடுவில் ரைட் ஆன் பஸ்ஸில் டிக்கெட்டே வேண்டாம் என்று ஆக்கிவிட்டார்கள், போனில் சொன்னபோது, "நான் இருக்கும்போது செய்யக்கூடாதா?" என்றாள்.

அப்பாவுக்குத்தான் இது பழக்கமாகிவிட்டது. கவுன்சில் கூட்டத்தை யூடியூபில் நேரலையாகப் போடுவார்கள். செவ்வாய்க்கிழமை காலை இங்கே ஒன்பதரைக்குத் தொடங்கினால் அவருக்கு ராத்திரிச் சாப்பாட்டு நேரம். ஆங்கிலம் பாதி புரியும், மீதியை முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன் என்கிறார். ஆபீஸ் கூட்டங்களில் உட்கார்ந்தே வாழ்நாளைக் கழித்தவர், அவருக்கு அது போதும். போன டிசம்பரில் ஒரு நாள் காலை அலுவலகத்தில் இருக்கும்போது போன் வந்தது.

"ஏப்பா, அந்த நடுநாற்காலில வேற ஆளு உக்காந்திருக்கு?"

"வருசா வருசம் டிசம்பர்ல தலைவரை மாத்துவாங்கப்பா. அவங்களுக்குள்ளயே ஒருத்தர."

"ஒரு வருசம்தானா?"

"ஒரு வருசம்தான்."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. தட்டில் கரண்டி உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அப்போ டிரான்ஸ்பர் மாதிரின்னு சொல்லு" என்றார்.